முதல் ஞாயிற்று வலி

பிப்ரவரி 26, திங்கள்

எனக்குக் காசநோய்.

எழுதிவிட்டேன். பதினாறு வருடமாகத் தூத்துக்குடி உப்பளங்களில் வரப்பு வரப்பாக நடந்து, இந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லி, மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குகிறார்களா என்று நின்று பார்க்கிற வேலை என்னுடையது. எனக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினால் அது அசிங்கம். அதனால்தான் ஆபீசில் தந்த டைரியை முதல்முறையாகத் திறந்திருக்கிறேன்.

கழுத்தின் இடது பக்கம், காறை எலும்புக்கு மேலே ஒரு கழலை. நெல்லிக்காய் அளவு. வலி இல்லை. ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் கிருமி தெரியவில்லை, ஆனால் காசநோயில் வருகிற மாதிரி செல்கள் இருப்பதாக ரிப்போர்ட். எங்கள் சுகாதார நிலையத்து டாக்டர், "கட்டியை முழுசா எடுத்துப் பாக்கணும்னா எழுதித் தாரேன்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். "நான் பாக்காத கழலையா சார்?"

இன்று முதல் மாத்திரை. ஆறு மாதம். ஒரு நாள் விடமாட்டேன்.

மாத்திரைகளைத் தையல் மிஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஈரம் படாமல் இருக்கட்டும் என்றுதான்.

மார்ச் 14, வியாழன்

ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று இருக்கிறது. தையற்காரர் அளவை மாற்றிவிட்டார். கேட்டால், "அளவு ஜாக்கெட் நீங்க தந்ததுதாம்மா" என்கிறார்.

கால் முழுக்க அரிப்பு. சோப்பை மாற்ற வேண்டும்.

மார்ச் 29, வெள்ளி

விடியும்போது நைட்டி நனைந்து, தலையணை உறை மாற்ற வேண்டியதாயிற்று. என் கணவர் தனசிங் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வந்தவர், "என்ன இப்படி வேர்த்திருக்கு?" என்றார். பங்குனி வெயில் என்றேன். "எனக்கு வேர்க்கலையே" என்றார். கொதிகலன் பக்கத்தில் வேலை செய்கிறவருக்கு இதெல்லாம் எப்படி வேர்க்கும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்று எங்கள் வேதக்கோயிலில் ஒன்று நடந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. பீடத்துக்கு முன் முழங்காலிட்டு அப்பம் வாங்கி, எங்கள் போதகரான ஐயர் பாத்திரத்தை நீட்ட, திராட்சரசம் ஒரு வாய் குடித்தேன். இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கழலையில் வலி. பல் வேரைப் பிடித்து இழுக்கிற மாதிரி, கழுத்திலிருந்து தோள்பட்டை வரை. பாட்டுக்கு எழுந்து நிற்க முடியவில்லை. அரை மணி நேரத்தில் தானாகப் போய்விட்டது.

குனிந்து முழங்காலிட்டதில் நரம்பு பிடித்திருக்கும்.

மே 5, ஞாயிறு

மறுபடியும். அதே ஐந்து நிமிடம். அதே இடம். இந்த முறை குனியவே இல்லை. முதுகு நிமிர்ந்துதான் முழங்காலிட்டேன்.

மனதில் ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு அந்தப் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று ஐயர் ஒவ்வொரு மாதமும் சொல்கிறார். நான் எதை ஒளித்து வைத்திருக்கிறேன்? யாரிடமும் திருடவில்லை. மதினியோடு பேச்சுவார்த்தை இல்லை, அது அவர்கள் தப்பு.

டிராயரில் இருக்கிற மாத்திரை கணக்கில் வராது. அது என் உடம்பு.

ஜூன் 2, ஞாயிறு

வலிக்கவில்லை. திராட்சையைப் புளிக்க வைத்து ரசம் செய்து தருகிற வேதமணி அக்கா ஊரில் இல்லை என்று இன்று வெறும் திராட்சைச் சாறு. மன்னிப்புக் கிடைத்துவிட்டது போல லேசாக நடந்து வந்தேன்.

கழலை குறையவில்லை. சொல்லப்போனால் பக்கத்தில் இன்னொன்று. மாத்திரை ஆரம்பித்த பிறகு கழலை கொஞ்சம் பெரிதாகிப் பிறகு வற்றும், நூறு பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். மூன்று மாதம் ஆன பிறகுமா என்று யாரும் இதுவரை கேட்டதில்லை.

ஜூன் 27, வியாழன்

பேச்சித்தாய் பத்து நாளாக மாத்திரை வாங்க வரவில்லை. நுரையீரல் காசநோய், மாத்திரை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தேடிப் போனேன். பகல் பதினொரு மணிக்கு உப்பளத்தில் கண்ணைத் திறக்க முடியாது. தரை முழுக்க வெள்ளை. பெண்கள் வரிசையாக நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒரு குரல்:

"மாத்திரக்காரம்மா வந்துட்டாவ. ஓடி ஒளிங்கட்டி."

குரல் பேச்சித்தாயுடையது; அவளே ஓடவில்லை. உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஐம்பது வயது, என்னைவிட ஒரு சாண் உயரம்.

"பேச்சி, மாத்திர எங்க?"

"பானைல கெடக்கு."

"பானைக்கா காசநோய்?"

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "முழுங்குனா குமட்டிக்கிட்டு வருது. வரப்புல ஒக்காந்து வாந்தி எடுத்தா கங்காணி ஏசுதான். இருமல் நின்னுட்டு. பெறவு எதுக்கு?"

"நடுவுல விட்டா திரும்ப வரும். வாரது மாத்திரைக்கு அடங்காததா வரும். நீ மட்டுமில்ல, இந்தா நிக்காளே, இவளுக்கும் குடுப்ப."

"சொல்லுதது லேசு. ஒரு நாள் நீங்க முழுங்கிப் பாருங்க. அப்பத் தெரியும்."

என் வயிற்றில் நான்கு மாத மாத்திரை. அவள் என் தோளுக்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாக்கெட்டில் அக்குள் பக்கம் ஒரு மஞ்சள் கறை; மட்டமான துணி, சாயம் போகிறது.

கடைசியில் என் தண்ணீர் பாட்டிலை வாங்கி விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள், நாக்கைத் தூக்கியும் காட்டினாள். அதில் ஒரு நக்கல் இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

வேதமணி அக்கா ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். நல்ல ரசம்.

வலியில் பெஞ்சின் முன்கட்டையைப் பிடித்துக்கொண்டேன். தனசிங் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க, என்னைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிக்கொண்டு போனார். வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பட்டன் தைக்க நூல் தேடுனேன். ஒரு மாசமாச்சு. நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

"சொல்லிருப்பேன்."

"எப்ப? ஊர்க்காரன் வீட்டு வாசல்ல நின்னு, இதுல என்ன வெக்கம்னு கேப்ப. எங்கிட்ட மறைக்க மட்டும் நூல்கண்டு."

அட்டையை எடுத்து டிராயர் பக்கம் போனேன். திரும்பி வந்து மேஜையிலேயே வைத்தேன்.

"சரி கனி, கோயில்ல என்ன?" என்றார். சொன்னேன். ரசம், ஐந்து நிமிடம், வலி. சாறு என்றால் இல்லை. சொல்லும்போதே அது பாவத்தைப் பற்றிய கதை மாதிரி இல்லாமல், என் ரெஜிஸ்டரில் எழுத வேண்டிய தகவல் மாதிரி இருந்தது.

ஜூலை 8, திங்கள்

பழைய டாக்டர் மாற்றலாகிப் போய், இப்போது இருப்பவர் டாக்டர் இளவேனில். என் மகளாக இருக்கக்கூடிய வயது. ரசத்து வலியைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்தினார்.

"எத்தன தடவ?"

"மூணு. சாறு குடிச்சப்ப இல்ல."

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?"

"கர்த்தர்கிட்ட சொன்னேன்."

"அவர் என்ன டெஸ்ட் எழுதுனார்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டே போனார். வேர்வை? உண்டு. எடை? ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது. அரிப்பு? காய்ச்சல்? ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். நான் சோப்பையும் தையற்காரரையும் வெயிலையும் ஒவ்வொன்றாகக் கைவிட வேண்டியிருந்தது.

நிணநீர்க் கட்டியில் வருகிற ஒருவகைப் புற்றுநோயில், சிலருக்கு மட்டும், சாராயம் ஒரு வாய் உள்ளே போனாலே கட்டி வலிக்குமாம். "படிக்கும்போது ஒத்த வரி. நேர்ல பாத்ததில்ல. இது அதுதான்னு நான் சொல்லல. ஆனா ஊசி பத்தாது. கட்டிய முழுசா எடுத்துப் பாக்கணும்."

"பிப்ரவரியிலயே சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

"எனக்குக் காசநோயைத் தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது டாக்டர்."

ஜூலை 17, புதன்

நேற்று திருநெல்வேலியில் கட்டியை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதால் வலி இல்லை, கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். உரித்த பலாக்கொட்டை மாதிரி இருந்தது. இத்தனை மாதம் இதற்குத்தான் மரியாதை கொடுத்து மாத்திரை போட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

ஹாட்ஜ்கின் லிம்போமா.

திருநெல்வேலி டாக்டர் ஒரு படம் காட்டினார். சாதாரண செல்களின் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய செல், இரண்டு கண், ஆந்தை முழிக்கிற மாதிரி. நூற்றுக்கு ஒன்றுதான் அப்படி இருக்குமாம், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். ஊசியில் கூட்டம் மாட்டியிருக்கிறது, ஆந்தை மாட்டவில்லை. தனிச் சாயம் ஏற்றிப் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள்.

"நல்லா மருந்துக்குக் கேக்குற புற்றுநோய்மா இது. பெரும்பாலானவங்க முழுசா குணமாகுறாங்க. முழுசா எடுத்துக்கணும், அவ்வளவுதான்."

முழுசா எடுத்துக்கணும். என் வசனத்தை என்னிடமே சொல்கிறார்.

காசநோய் மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொன்னார். நூற்று ஐம்பத்தாறு நாள், ஒரு நாள் விடாமல் சாப்பிட்டேன் என்று சொன்னேன். பாராட்டுக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது கோபம் வந்தது. அவர் மேல் இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

உடம்பு முழுக்க ஸ்கேன். சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஏற்றிப் படம் எடுக்கிறார்கள். நோய் இருக்கிற இடம் விளக்குப் போட்டது போல எரிகிறது. கழுத்து, நெஞ்சின் நடுவில். நெஞ்சுக்குக் கீழே இருட்டு. இரண்டாம் நிலை.

லீவு எடுக்கும் முன் ஆபீசில் ஒரு வேலை முடித்தேன். கழலைக் காசநோய் என்று மாத்திரை சாப்பிடும் பதினான்கு பேரின் அட்டைகளையும் பிரித்து வைத்தேன். மூன்று மாதம் தாண்டியும் குறையாதவர்கள் இரண்டு பேர். அவர்களைக் கட்டி எடுத்துப் பார்க்க அனுப்ப வேண்டும் என்று டாக்டர் இளவேனிலிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். மேலதிகாரி, "தேவையில்லாம பயமுறுத்தாதீங்க" என்றார். என் கழுத்துத் தையலைக் காட்டினேன். அனுப்பிவிட்டார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முதல் ஊசி. நான்கு மருந்து. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் பன்னிரண்டு. ஒன்று ரூஹ் அப்சா சர்பத் நிறத்தில் சிவப்பு. ஒன்று வெளிச்சம் படக்கூடாது என்று கறுப்புத் தாள் சுற்றித் தொங்குகிறது. வீடு வந்து பார்த்தால் சிறுநீர் சிவப்பு. காசநோய் மாத்திரையில் ஆரஞ்சு, இதில் சிவப்பு. தனசிங்கிடம் சொன்னேன். "அடுத்தது பச்சைன்னா வண்டி கெளம்பிரும்" என்றார்.

நர்ஸ் தந்த தாளில், கூட்டத்துக்குப் போகக்கூடாது, பிறர் வாய் வைத்த பாத்திரத்தில் குடிக்கக்கூடாது என்று போட்டிருக்கிறது. திருவிருந்து கிடையாது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

முடி கொத்துக் கொத்தாக வந்தது. குளியலறைத் துவாரம் அடைத்துக்கொண்டது. தனசிங்கின் ஷேவிங் மிஷினை எடுத்து நானே வழித்துவிட்டேன். எதிர்பார்த்ததைவிட என் மண்டை நல்ல வடிவம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள்: "எந்தக் கோயில்ல மொட்ட? திருச்செந்தூரா, வேளாங்கண்ணியா?"

"ரெண்டும் இல்ல. ஆஸ்பத்திரி."

"அங்கயுமா நேர்ச்ச?"

"ஆமா. பன்னெண்டு தடவ. இன்னைக்கு மூணாவது."

அவள் தன் பூவில் ஒரு முழம் கிள்ளிக் கையில் கொடுத்தாள். வைப்பதற்கு இடம் இல்லை. மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

மதினி ஒன்றரை வருடத்துக்குப் பிறகு போன் செய்தார்கள். ஊசியெல்லாம் விஷம், நிறுத்திவிட்டுப் பப்பாளி இலைச் சாறு குடி, ஒருத்தருக்கு முழுசாகக் கரைந்துவிட்டதாம். "அந்த ஒருத்தர் பேர் என்ன, எந்த ஊர், ரிப்போர்ட் இருக்கா? என் ரெஜிஸ்டர்ல ஏத்திக்கிடுதேன்" என்றேன். வைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 1, செவ்வாய்

நான்கு ஊசிக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் விளக்கு எல்லாம் அணைந்துவிட்டது. நுரையீரலைத் தொந்தரவு செய்யக்கூடிய ஒரு மருந்தை இனி விட்டுவிடலாமாம். மற்ற மூன்றும் கடைசி வரை.

நான் அனுப்பிய இரண்டு பேரில் ஒருவருக்கு, முதல் மாத்திரைகளுக்கு அடங்காத காசநோய்; வேறு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். இன்னொருவருக்குச் சாதாரணக் காசநோய்தான், மெதுவாக வற்றுகிறது. என்னைப் போல ஒருவரும் இல்லை. சந்தோஷம்.

அக்டோபர் 30, புதன்

வாயில் பழைய சாவியைச் சப்புகிற ருசி. மோர் மட்டும் இறங்குகிறது.

நவம்பர் 12, செவ்வாய்

எட்டு. பஸ் ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பியதுமே வாந்தி. ஊசி போடும் முன்பே. ஜன்னல் ஓரத்தில் இருந்ததால் பிழைத்தேன்.

நவம்பர் 25, திங்கள்

நாளை போகவில்லை. முடிவு செய்துவிட்டேன். காலண்டரில் தேதியைப் பார்த்ததும் குமட்டுகிறது. ஸ்கேன் சுத்தம் என்றுதான் சொன்னார்கள். எட்டு போதும். உடம்பு என்னுடையது. மருந்துக்காரர்கள் எண்ணிக்கைக்குப் பயந்து வாழ முடியாது.

தனசிங்கிடம் சொன்னேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் போனார்.

நவம்பர் 26, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு வாசலில் குடையோடு பேச்சித்தாய். நேற்று தனசிங் உப்பளக் குடியிருப்புக்குப் போய் அவளிடம் சொல்லியிருக்கிறார். மழைக்காலம், உப்பளத்தில் வேலை இல்லை. முகக்கவசம் போட்டிருந்தாள், கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"சளி டெஸ்ட் பண்ணி சுத்தம்னு ரெண்டு மட்டம் எழுதித் தந்துட்டாவ. இருந்தாலும் உங்களுக்கு ரத்தம் கொறஞ்ச ஒடம்பு, நான் உள்ள வரல."

"என்ன பேச்சி, இந்த மழையில?"

உள்ளங்கையை விரித்தாள். அன்றைய மாத்திரைகள். "நீங்க பஸ் ஏறுனா முழுங்குவேன். இல்லன்னா இந்தச் சாக்கடைல போட்டுட்டுப் போவேன்."

"வெளையாடாத. ஒனக்கு முடிய இன்னும் அஞ்சு வாரம்."

"உங்களுக்கு?"

நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். "சுத்தமாயிட்டுன்னு சொல்லிட்டாங்க பேச்சி. பெறவு எதுக்கு?"

அவள் குடையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். ஜூன் மாதம் வரப்பில் நின்று அவள் சொன்ன சொல், ஒரு எழுத்து மாறாமல்.

"குமட்டுது" என்றேன்.

"குமட்டும்."

"ஒரு நாள் முழுங்கிப் பாருங்கன்னு நீ சொன்னியே அன்னைக்கு. நானும் அப்ப மாத்திர தின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லல."

"தெரியும்."

"எப்படி?"

"உங்க கக்கத்துல மஞ்சக் கற. என் ஜாக்கெட்லயும் அதே கற. அந்த மாத்திரைக்குத்தான வேர்வ அப்படி வரும். இவ நம்மகிட்ட மறைக்கா, ஆனா விடாம திங்கா, அதுக்காவது நாமளும் திம்போம்னுதான் அன்னைக்கு வாயத் தொறந்தேன். உங்க ஏச்சுக்கு ஒண்ணும் பயந்து இல்ல."

மழை அவள் குடையில் விழுந்துகொண்டிருந்தது. தனசிங் உள்ளே நின்று என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஏறினேன். படியில் கால் வைத்த பிறகுதான் அவள் மாத்திரையை வாயில் போட்டாள். ஜன்னல் வழியாக நான் பார்க்க, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். இன்று நக்கல் இல்லை. கொஞ்சம் இருந்தது.

ஆஸ்பத்திரித் தெருவில் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனேன். ஒன்பது.

டிசம்பர் 10, செவ்வாய்

பத்து. வாந்தி.

டிசம்பர் 24, செவ்வாய்

பதினொன்று. வாந்தி. வந்து கேக்குக்கு முந்திரி நறுக்கினேன்.

ஜனவரி 3, வெள்ளி

பேச்சித்தாய்க்கு மாத்திரை முடிந்தது. அவள் அட்டையில் கடைசிக் கட்டத்தை நிரப்ப, லீவில் இருந்தாலும் ஆபீசுக்குப் போனேன். "முழுசா முடித்தார்" என்று எழுதினேன். நடுவில் விட்ட பத்து நாளையும் எழுதினேன். "அத விட்டுருக்கலாம்லா?" என்றாள். முடியாது என்றேன்.

ஜனவரி 7, செவ்வாய்

பன்னிரண்டு.

பிப்ரவரி 25, செவ்வாய்

கடைசி ஸ்கேன் சுத்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். "கழுத்தைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருக்காதீங்க" என்றார் டாக்டர். எழுதும் இந்த நேரத்தில் தடவிப் பார்க்கவில்லை. இரண்டு தடவைதான்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் ஞாயிறு. டாக்டரிடம் கேட்டாயிற்று, குடிக்கலாம். வேதமணி அக்காவிடமும் கேட்டாயிற்று, ரசம்தான், சாறு இல்லை.

முடி ஒரு விரற்கடை முளைத்திருக்கிறது. முந்தானையைத் தலையில் போட்டேன், வழுக்கி வழுக்கி விழுந்தது. அப்படியே விட்டுவிட்டு முன்னால் போனேன். பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். முழங்காலிட்டேன். ஐயர் பாத்திரத்தை நீட்டினார். உதடு நனைந்தால் போதும் என்று அவர் இழுக்கப் பார்த்தார். நான் விடவில்லை. நல்ல ஒரு மிடறு.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். ஆண்கள் பக்கத்திலிருந்து தனசிங் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. ஐந்து நிமிடம். பத்து. பாட்டுக்கு எழுந்து நின்றேன். மூன்று சரணமும் பாடினேன், சுருதி சேரவில்லை, அது எப்போதும் சேராதது.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றார்.

"வலிக்கா?"

"இல்ல."

மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் பாப்போம்."

"நீங்க நின்னு பாருங்க. எனக்கு நாளைக்கு உப்பளத்துக்குப் போணும், ஜாக்கெட்டப் பிடிச்சுத் தைக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.